தோல்விக்கு நாம் சொல்லும் காரணம்

என் தாய்மாமா முப்பது வருடத்துக்கு மேல் எல்.ஐ.சி. ஏஜென்ட்டாக இருந்தார். டி.வி.எஸ். 50 வண்டி, ஒரு ரெக்ஸின் பை, பைக்குள் பிரீமிய அட்டவணை, ரசீதுகள், ஒரு டைரி. சின்ன வயதில் அந்த டைரியை அவருக்குத் தெரியாமல் புரட்டியிருக்கிறேன். பக்கத்துக்கு நாலைந்து பெயர்கள். பாலிசி எடுத்தவர் பெயருக்கு நேரே ஒரு டிக். எடுக்காதவர் பெயருக்கு நேரே ஒரு வரி. ‘போர் போட்டதில் கையில் காசில்லை. தை கழித்துப் போக வேண்டும்.’ ‘மகன் துபாயிலிருந்து வந்ததும் பார்க்கலாம்.’ ‘வீட்டில் விருந்தாளி. போன நேரம் தப்பு.’ ‘மணி பேக் சொன்னது என் பிழை. இவருக்கு எண்டோமென்ட்தான் சரி.’ டிக்குகளைவிட இந்த வரிகளே அதிகம். பத்து வீடு ஏறினால் எட்டு வீட்டில் ‘அப்புறம் பார்க்கலாம் சார்’ என்பதுதான் பதில்.

மாமாவைச் சிரித்த முகம் என்று யாரும் சொன்னதில்லை. கொஞ்சம் சிடுசிடுப்பானவர். வானம் லேசாக மூடியிருந்தாலும் மழைக்கோட்டு இல்லாமல் வண்டியை எடுக்கமாட்டார். ஆனால் உளவியலாளர்கள் ‘நம்பிக்கை மனப்பான்மை’ என்ற சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறார்களோ, அந்தப் பொருளில் அவர் முழு நம்பிக்கையாளர். அதற்குச் சாட்சி அவர் முகத்தில் இல்லை, அந்த டைரி வரிகளில் இருந்தது.

இதை இவ்வளவு நிதானமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘பாசிட்டிவா இருங்க’ என்பது இன்று நம் அலுவலகங்களில் தினமும் காதில் விழும் பேச்சு. டார்கெட் கூடும்போது சொல்கிறார்கள், ஆள் குறையும்போது சொல்கிறார்கள், அப்ரைசலில் எதிர்பார்த்தது வராதபோதும் சொல்கிறார்கள். இந்தப் பேச்சுக்குப் பின்னால் உண்மையான ஓர் ஆராய்ச்சித் துறை இருக்கிறது. அது கண்டு சொன்னதும், அதன் பெயரால் நம்மிடம் சொல்லப்படுவதும் பல இடங்களில் வேறு வேறு. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டதால் அவதிப்படுகிறவர்களை நான் பார்க்கிறேன்.

கதை நாய்களில் தொடங்குகிறது. 1960களின் நடுவில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் ஒரு சோதனை செய்தார்கள். படிக்கவே மனம் கனக்கும் சோதனை அது. ஒரு பிரிவு நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். தலையால் ஒரு பலகையைத் தள்ளினால் அதிர்ச்சி நின்றுவிடும். இரண்டாம் பிரிவுக்கும் அதே அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் அந்த நாய்கள் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு இரண்டு பிரிவையும், நடுவே தாழ்வான தடுப்பு வைத்த பெட்டிக்குள் விட்டார்கள். தாண்டிக் குதித்தால் தப்பிக்கலாம். முதல் பிரிவு குதித்தது. இரண்டாம் பிரிவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நாய்கள் முயலக்கூட இல்லை, படுத்தபடி முனகின. 1967இல் வெளியான இந்த ஆய்வின் முடிவைக் ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று தமிழில் சொல்லலாம். கையறுநிலை நமக்குப் பழைய சொல். காத்த தலைவன் இறந்துபோக, செய்வதறியாமல் நிற்பவரின் புலம்பலுக்குப் புறப்பாடல்களில் அதுவே துறைப் பெயர்.

மீதி இருந்த நாய்கள் ஏன் சோரவில்லை? இந்தக் கேள்விதான் செலிக்மனை மனிதர்களிடம் கொண்டுவந்தது. 1978இல் லின் ஆப்ரம்சன், ஜான் டீஸ்டேல் இருவரோடும் சேர்ந்து அவர் ஒரு விடையை முன்வைத்தார். ஒரு தோல்வி வந்ததும் மனிதர் தனக்குள் ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறார். அந்தக் காரணத்தின் குணத்தைப் பொறுத்தே அவர் எழுவதும் சோர்வதும். இது எப்போதும் இப்படித்தானா, இந்தத் தடவை மட்டுமா? எல்லாவற்றிலும் இப்படியா, இந்த ஒன்றில் மட்டுமா? முழுக்க என்னால்தானா, வேறு காரணமும் உண்டா? மூன்றுக்கும் ‘எப்போதும், எல்லாவற்றிலும், என்னால்தான்’ என்று பதில் சொல்லிப் பழகியவர் சீக்கிரம் கைவிடுகிறார். தோல்வியை ஒரு நாளுக்கும் ஒரு விஷயத்துக்கும் உள்ளே நிறுத்திக்கொள்பவர் மறுபடி முயல்கிறார். ஆராய்ச்சி பேசும் நம்பிக்கை இவ்வளவுதான்.

நம் வாய்ப்பேச்சிலேயே இரண்டு வகையும் இருக்கின்றன. ‘எல்லாம் என் தலையெழுத்து’ என்பவர் அழிக்க முடியாத காரணத்தைச் சொல்கிறார். ‘நான் தொட்டது எது துலங்கியது?’ என்பவர் ஒரு தோல்வியை வாழ்க்கை முழுவதற்கும் பரப்பிவிடுகிறார். ‘இப்போ நேரம் சரியில்லை’ என்பது அப்படியல்ல, நேரம் மாறும். ஏழரைச் சனிக்குக்கூட ஏழரை வருடம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். சோதிடத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் முடிவு தெரிந்த துன்பத்தை மனிதர் தாங்கிக்கொள்வார் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

இதைப் பழியைத் தட்டிக் கழிக்கும் வித்தை என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். மாமாவின் கடைசி வரியைப் பாருங்கள். ‘மணி பேக் சொன்னது என் பிழை.’ பிழையை ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது அவர் செய்த ஒரு காரியத்தின் பிழை. அடுத்த தடவை மாற்றிவிடலாம். ‘எனக்குப் பேசத் தெரியாது’ என்று எழுதியிருந்தால் அன்றோடு பையைத் தூக்கி வைத்திருப்பார்.

இந்தக் கருத்து வேலையிடத்துக்குள் நுழைந்ததும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வழியாகத்தான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப் ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 ஏஜென்ட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தது. ஓராண்டுக்குள் பாதிப்பேர் விலகிவிடுவார்கள். நான்காம் ஆண்டு முடிவில் ஐந்தில் நான்கு பேர் இருக்கமாட்டார்கள். பயிற்சிக்குச் செலவழித்த பணம் அவ்வளவும் வீண். நிறுவனத்தின் தலைவர் ஜான் கிரீடன் செலிக்மனை அழைத்தார்.

செலிக்மன் முதலில், ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். உங்களுக்கு இப்படி ஒரு கெட்டது நடந்தால் என்ன காரணம் சொல்வீர்கள் என்று கேட்கும் தாள். அதில் நம்பிக்கைப் பக்கம் இருந்த பாதிப்பேர், மற்றப் பாதியைவிட முதல் இரண்டு ஆண்டுகளில் 37 சதவீதம் அதிகம் விற்றிருந்தார்கள். இதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. நன்றாக விற்றதால் நம்பிக்கை வந்திருக்கலாமே? அதனால் 1985இல் வேறொன்று செய்தார்கள். வேலைக்கு வந்த விண்ணப்பதாரர்களுக்கே இந்தத் தாளைக் கொடுத்தார்கள். நிறுவனத்தின் வழக்கமான தேர்வில் தோற்று, ஆனால் இந்தத் தாளில் மேலே வந்தவர்களிலிருந்து 129 பேரைத் தனியாக எடுத்தார்கள். சாதாரணமாக அவர்களுக்கு அந்த வாசலே திறந்திருக்காது. வழக்கமான தேர்வில் வென்று, ஆனால் சோர்ந்த விளக்கம் சொல்லும் பழக்கம் உள்ளவர்களைவிட இவர்கள் முதல் ஆண்டில் 21 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 57 சதவீதமும் கூடுதலாக விற்றார்கள்.

இரண்டாம் ஆண்டில் இடைவெளி விரிவது கவனிக்க வேண்டிய செய்தி. முதல் ஆண்டில் திறமையும், தெரிந்தவர் தொடர்பும் எல்லோரையும் தூக்கிவிடும். சொந்தக்காரர்களும் நண்பர்களும் தீர்ந்த பிறகு, முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் மனசு வேலைக்கு வருகிறது.

இந்த எண்களை மேடைதோறும் சொல்கிறார்கள். அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள். காப்பீட்டு ஏஜென்ட்டின் வேலையில் பெரும்பகுதி அவர் கையில் இருக்கிறது. இன்று பத்து வீடா, பதினைந்து வீடா என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். இன்னும் ஐந்து வாசல் ஏறினால் இன்னும் ஒரு பாலிசி கிடைக்கக்கூடும். முயற்சிக்கும் பலனுக்கும் இடையே வழி திறந்திருக்கும் வேலை அது. அங்கே நம்பிக்கை பணமாகிறது. மேலே இருந்து வரும் டார்கெட், ஓடாத மெஷின், எட்டுப் பேர் வேலைக்கு ஐந்து பேர் என்று இருக்கும் இடத்தில் அதே நம்பிக்கை என்ன செய்யும்? மெட்ரோபாலிட்டன் கணக்கு அதற்குப் பதில் சொல்லவில்லை. பாதிப்பேர் ஓடிப்போகும் அளவுக்கு அந்த வேலையில் என்ன கோளாறு என்று பார்ப்பதைவிட, ஓடாத ஆளைத் தேடி எடுப்பது நிறுவனத்துக்குச் சுலபமாக இருந்தது என்பதும் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

நான் முன்பு ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மீட்டிங். ஒரு வேலையை மார்ச் 31க்குள் முடித்துத் தருவதாக வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எழுந்து நின்றார். “சார், ஒரே ஒரு அயிட்டம்தான், அது பதினஞ்சாம் தேதிக்கு மேலதான் வரும்னு சப்ளையர் எழுதியே கொடுத்திருக்கார். வந்தப்புறம் டெஸ்டிங்குக்கு மூணு வாரம் வேணும்” என்றார். கையில் அந்தக் கடிதம் இருந்தது. மேலாளர் சிரித்துக்கொண்டே, “மேடம், வாரத்தை நெகட்டிவா ஆரம்பிக்காதீங்க. முடியும்னு நினைங்க, முடியும்” என்றார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். அக்கா கடிதத்தை நாலாக மடித்து ஃபைலுக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு மீட்டிங்கில் அவர் வாய் திறந்து நான் கேட்கவில்லை. வேலை ஏப்ரல் கடைசியில் முடிந்தது. நிறுவனம் தாமதத்துக்கு அபராதம் கட்டியது.

அந்த அறையில் நம்பிக்கையோடு பேசியவர் யார்? செலிக்மனின் மூன்று கேள்விகளை வைத்துப் பார்த்தால், அந்த அக்காதான். ‘இந்த வேலை உருப்படாது’ என்று அவர் சொல்லவில்லை. ஒரு அயிட்டம், மூன்று வாரம் என்று சொன்னார். எல்லை போட்டு, தேதி போட்டுச் சொன்னார். மாமாவின் டைரியில் இருந்த அதே மாதிரி வரி அது. மேலாளர் சொன்னதற்கு வேறு பெயர் உண்டு: ஆசை.

ஆசைக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வேற்றுமையை ஜெர்மனியில் பிறந்த உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார். 2002இல் டோரிஸ் மையரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், படிப்பு முடித்து வேலை தேடும் இளைஞர்களைப் பின்தொடர்ந்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களுக்கு வந்த வாய்ப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு. கடந்தகால அனுபவத்தை வைத்து ‘எனக்குக் கிடைக்கும்’ என்று எதிர்பார்த்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். அவர் சொல்லும் வழி எளிமையானது. விரும்புவதை மனதில் கொண்டுவாருங்கள். உடனே, குறுக்கே நிற்பது எது என்பதையும் பாருங்கள். பிறகு என்ன செய்வது என்று முடிவு செய்யுங்கள். அந்த அக்காவின் கடிதம், குறுக்கே நிற்பது எது என்பதைச் சொல்லும் காகிதம். அதைத்தான் மடித்து உள்ளே வைக்க வைத்தோம்.

எங்களுக்குப் போனது அபராதப் பணம்தான். எப்போதும் அவ்வளவோடு நிற்பதில்லை. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் ரப்பர் வளையம் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். ரோஜர் பாய்ஜோலி அவர்களில் ஒருவர். நிர்வாகிகள் தனியாகக் கலந்து பேசி, ஏவலாம் என்று பதிலை மாற்றினார்கள். மறுநாள் காலை, ஏவப்பட்ட 73ஆம் விநாடியில் கலம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் பிறகு ஒன்றைக் குறித்துவைத்தார். கலம் அழியும் வாய்ப்பு நிர்வாகத்தின் கணக்கில் லட்சத்தில் ஒன்று. பொறியாளர்களின் கணக்கில் நூற்றில் ஒன்று.

செலிக்மனே இந்த எல்லையைச் சொல்லியிருக்கிறார். தோற்றால் போவது இன்னொரு வாசல் ஏறும் சிரமம்தான் என்றால் நம்பிக்கையோடு போங்கள். தோற்றால் போவது உயிர் என்றால், விமானத்தின் இறக்கையில் பனி இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்க்கும் விமானியாக இருங்கள் என்பது அவர் கருத்து. கணக்கு பார்ப்பவர், பாதுகாப்பு பார்ப்பவர், ஒப்பந்தம் எழுதுபவர் இவர்களிடம் சந்தேகப்படும் குணம் வேண்டும் என்றும் எழுதினார். அவரைக் காட்டி ‘பாசிட்டிவா இருங்க’ என்பவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1998இல் செலிக்மன் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானதும் ‘நேர்மறை உளவியல்’ ஒரு இயக்கமாகவே ஆனது. பணம் வந்தது, பயிற்சி வகுப்புகள் வந்தன, அவசரமும் வந்தது. நல்ல உணர்வுக்கும் கெட்ட உணர்வுக்கும் உள்ள விகிதம் 2.9013க்கு மேல் இருந்தால் மனிதரும் குழுவும் செழிக்கும் என்று 2005இல் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் மார்சியல் லொசாடாவும் எழுதினார்கள். ஒரு கண்டிப்புக்கு மூன்று பாராட்டு என்று மேலாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இது வசதியாக இருந்தது. அந்தக் கணக்கு திரவ ஓட்டத்துக்கான சமன்பாட்டைப் பொருத்தமில்லாமல் எடுத்து ஒட்டியது என்று 2013இல் நிக் பிரவுன், ஆலன் சோக்கல், ஹாரிஸ் ஃபிரீட்மன் மூவரும் காட்டினார்கள். கணிதப் பகுதி திரும்பப் பெறப்பட்டது. பிரவுன் அப்போது நடுவயதில் திரும்பப் படிக்கப் போன முதுகலை மாணவர். வகுப்பில் கேட்டதை நம்பாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தவர். அவரைப் போல அலுவலகத்துக்கு ஒருவர் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பயிற்சிகளைப் பற்றி இன்னொரு செய்தி. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவை வைத்து ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மனவுறுதிப் பயிற்சி, தியானம், நலவாழ்வு செயலி போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருப்பதாகத் தெரியவில்லை. பொதுத்தொண்டில் ஈடுபட வாய்ப்புத் தருவது மட்டும் விதிவிலக்கு. தனிமனிதரைத் திருத்துவதை விட்டு வேலையின் அமைப்பைத் திருத்துங்கள் என்பதே அவர் கண்ட முடிவு.

இங்கே ஊழியருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மனம் சொல்லும் காரணத்தைக் குறுக்கு விசாரணை செய்வது பயனுள்ள பழக்கம். ஆரன் பெக் வளர்த்தெடுத்த அறிவுசார் சிகிச்சையின் ஒரு அடிப்படை அதுதான். ‘என்னால் எதுவுமே முடியாது’ என்று தோன்றும்போது அதைக் காகிதத்தில் எழுதுங்கள். ஆதாரம் என்ன? எந்த நாளில், எந்த வேலையில்? என் பங்கு எவ்வளவு? எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் அந்த ‘எதுவுமே’ சுருங்கி ஒரு செவ்வாய்க்கிழமையாகவோ ஒரு எக்ஸெல் ஷீட்டாகவோ ஆகிவிடும். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போனால் மருத்துவரைப் பாருங்கள். டைரி அதற்கு மருந்தல்ல. விசாரணை முடிந்தபின் ‘தவறு வேலையின் அமைப்பில்தான்’ என்று தெளிவாகத் தெரிந்தால், அதையும் நம்புங்கள். உண்மையான காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இவ்வளவும்.

செலிக்மனும் மையரும் 2016இல், தங்கள் நாய்ச் சோதனைக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, மீண்டும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். மையர் இடைப்பட்ட காலத்தில் மூளை ஆராய்ச்சிக்குப் போயிருந்தார். அவர் கண்டது பழைய முடிவைத் தலைகீழாக்கியது. நெடுநேரம் துன்பம் தொடர்ந்தால் செயலற்றுப் போவது மூளையின் இயல்பு. அதை யாரும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது மற்றொன்று: ‘நான் செய்தால் இது மாறும்’ என்பது. பலகையைத் தள்ளியதும் அதிர்ச்சி நின்ற அனுபவம் இருந்த நாய் பிறகு குதித்தது. ‘குதிக்க முடியும்’ என்று காதில் சொல்லி எந்த நாயும் குதிக்கவில்லை.

தங்கள் பெயருக்குக் காரணமான கண்டுபிடிப்பையே திருத்தி எழுதிய நேர்மையை நான் மதிக்கிறேன். அந்தத் திருத்தம் வேலையிடத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. லண்டனில் 1985இல் தொடங்கி 10,308 அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை குறைவாக இருந்தவர்களிடையே இதயநோய் அதிகம் என்று மைக்கேல் மார்மட் குழுவினர் கண்டார்கள். பலகை இல்லாத கூண்டில் இருப்பவரிடம் நம்பிக்கையைக் கேட்பது நியாயமல்ல. எந்த வரிசையில் செய்வது, எந்தத் தேதி சாத்தியம், எந்த மெஷினை முதலில் பழுது பார்ப்பது என்று ஒரு சிறு முடிவாவது அவர் கையில் இருக்கட்டும். அவர் சொன்னதால் ஒன்று மாறியது என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்.

மீட்டிங் நடத்துகிற உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வருகிற திங்கட்கிழமை யாராவது எழுந்து “சார், இது முடியாது” என்றால் சிரித்து உட்கார வைத்துவிடாதீர்கள். எது முடியாது, எத்தனை நாளுக்கு, என்ன கிடைத்தால் முடியும் என்று கேளுங்கள். அவர் கையில் ஒரு கடிதம் இருந்தால், வாங்கிப் படியுங்கள்.